கதவைத் தட்டுவது யார்? அமெரிக்க ஜாமீன் ஏஜென்ட்டுகளும் அடுத்தவர் வீடும்

2015 ஆகஸ்ட் 4, இரவு பத்து மணி வாக்கில், அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் ஒரு வீட்டை ஏறக்குறைய பதினோரு பேர் வளைத்துக்கொண்டார்கள். கையில் ஆயுதம், ஜன்னலில் டார்ச் வெளிச்சம், வாசல் கதவில் இடி. ஒக்லஹோமாவில் போதைப்பொருள் வழக்கில் ஜாமீன் வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிய ஒருவர் அந்த வீட்டில் பதுங்கியிருப்பதாக ஃபேஸ்புக் வழியே அவர்களுக்குத் தகவல் வந்திருந்தது. ஆனால் அந்த வீட்டில் குடியிருந்தவர் ஜோசஃப் யானர். ஃபீனிக்ஸ் நகரப் போலீஸின் தலைவர்.

வந்தவர்கள் போலீஸ் இல்லை. ஜாமீனில் போய்த் தலைமறைவானவர்களைப் பிடித்துக் கொடுத்துக் கூலி வாங்கும் தனியார் ஆட்கள், அமெரிக்கப் பேச்சில் ‘பவுண்டி ஹன்டர்’கள். அவர்களில் ஒருவரை அன்றிரவே போலீஸ் கைது செய்தது. வீட்டு வளாகத்துக்குள் அத்துமீறி நுழைந்தது, அமைதியைக் குலைத்தது என்று இரண்டு சந்தேகங்கள் அவர் மேல்.

செய்தி வெளியானதும் ஊரே சிரித்தது. சிரித்து முடித்தபின் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அது போலீஸ் தலைவரின் வீடாக இல்லாமல், பக்கத்துத் தெருவில் ஒரு தையற்காரர் வீடாக இருந்திருந்தால்? தட்டியவர் வெளியே நின்று பேசியிருப்பாரா, கதவை உதைத்திருப்பாரா? உதைத்தால் அது குற்றமா, அவருடைய உரிமையா?

‘பவுண்டி ஹன்டர் எந்த வீட்டுக்குள்ளும் புகலாம், அவருக்கு வாரண்ட் தேவையில்லை’ என்று அமெரிக்காவில் நிறையப் பேர் நம்புகிறார்கள். அந்தத் தொழிலில் இருப்பவர்களிலேயே பலர் நம்புகிறார்கள், அதுதான் வில்லங்கம். இது பாதி உண்மை. அந்தப் பாதி பிறந்த கதையே வேடிக்கையானது. அதற்கு முன் இந்தத் தொழில் நடக்கும் விதத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் நமக்கு இது பழக்கமில்லாத ஏற்பாடு.

நம்மூர் நீதிமன்றத்தில் ஜாமீன் என்றால் தெரிந்தவர், உறவுக்காரர் யாராவது இரண்டு பேர் வந்து, சொத்து வரி ரசீதைக் காட்டிக் கையெழுத்துப் போடுவார்கள். ஆள் வாய்தாவுக்கு வராவிட்டால் ஜாமீன்தாரர் தலையில் விழும். ‘இனி இவனுக்கு நான் பொறுப்பில்லை’ என்று அவர் விலக நினைத்தால் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுப் போடலாம். மாஜிஸ்ட்ரேட் வாரண்ட் பிறப்பிப்பார், போலீஸ் போய்ப் பிடித்து வரும். ஜாமீன்தாரர் தானே போய் ஆளைக் கயிறு கட்டி இழுத்து வருவதில்லை.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் இது ஒரு வியாபாரம். நீதிபதி 10,000 டாலர் ஜாமீன் நிர்ணயிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு பணம் கையில் இல்லாதவர் ஜெயிலுக்கு எதிரே கடை போட்டிருக்கும் பெயில் பாண்ட் ஏஜென்ட்டிடம் போகிறார். வழக்கமான கட்டணம் 10 சதவீதம். ஆக 1,000 டாலர். அது திரும்ப வராது, வழக்கில் நிரபராதி என்று தீர்ப்பானாலும் போனது போனதுதான். 10,000 டாலருக்கும் ஏஜென்ட் நீதிமன்றத்தில் உத்தரவாதம் தருகிறார், அவருக்குப் பின்னால் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி நிற்கிறது. ஆள் வாய்தாவுக்கு வராவிட்டால் முழுத் தொகையையும் ஏஜென்ட் கட்ட வேண்டும். ஆனால் உடனே இல்லை, தவணை உண்டு. கலிஃபோர்னியாவில் அது வழக்கமாக 185 நாள் வரை போகும். அதற்குள் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் பணம் தப்பும்.

அந்த நாள்கள் ஓடத் தொடங்கியதும் ஏஜென்ட் தேடுகிறார், அல்லது தேடுவதற்கு ஆள் வைக்கிறார். கூலி பெரும்பாலும் ஜாமீன் தொகையில் ஒரு பங்கு, அதுவும் பிடித்தால்தான். பிடிக்காவிட்டால் பெட்ரோல் காசுகூடக் கிடையாது. நள்ளிரவில் தவறான வீட்டின் கதவு உடைபடுவதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. போலீஸ்காரருக்கு மாதச் சம்பளம், இன்று அகப்படாவிட்டால் நாளை. இவருக்கு அந்த நிதானம் கட்டுப்படியாகாது.

சரி, அந்த உரிமை எங்கிருந்து வந்தது? 1866-ல் கனெக்டிகட் மாநிலத்தில் எட்வர்ட் மக்குவயர் என்பவர் மேல் ஒரு திருட்டு வழக்கு. 8,000 டாலர் ஜாமீனில் வெளியே வந்து நியூயார்க்குக்குப் போய்விட்டார். அங்கே இருக்கும்போது, மெய்ன் மாநிலத்தில் அவர் மேல் இருந்த வேறொரு கொள்ளை வழக்குக்காக அந்த மாநில கவர்னர் கேட்டுக்கொள்ள, அவரைப் பிடித்து மெய்னுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே விசாரணை, சிறை. கனெக்டிகட்டில் வாய்தா வந்தபோது ஆள் இல்லை. ஜாமீன்தாரர்களிடம் அரசு பணத்தைக் கேட்டது. ‘அவரை வேறொரு மாநிலம் பிடித்து உள்ளே போட்டிருக்கும்போது நாங்கள் எப்படிக் கொண்டுவருவோம்?’ என்றார்கள் ஜாமீன்தாரர்கள்.

இதுதான் டெய்லர் எதிர் டெய்ன்டர் வழக்கு. 1872-ஆம் ஆண்டு அமர்வில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை வந்தது. கேள்வி பணம் கட்ட வேண்டுமா, வேண்டாமா என்பது மட்டும். யாரும் யார் வீட்டுக் கதவையும் உடைக்கவில்லை. யாரும் யாரையும் துரத்தவில்லை. மக்குவயரை மாநிலத்தை விட்டுப் போகவிட்டதுதான் ஜாமீன்தாரர்கள் மேல் நீதிமன்றம் கண்ட குறை. நீதிமன்றம் பணத்தைக் கட்டச் சொல்லிவிட்டது.

ஆனால் தீர்ப்பை எழுதிய நீதிபதி நோவா ஸ்வெய்ன், ஜாமீன்தாரரின் அதிகாரம் எவ்வளவு பெரியது என்று விளக்கும் சாக்கில் ஒரு பத்தி எழுதினார். ஜாமீன் தந்ததும் குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீன்தாரரின் காவலுக்கு வந்துவிடுகிறார், அது பழைய சிறைவாசத்தின் தொடர்ச்சியே. வேண்டும்போது பிடிக்கலாம். நேரிலோ, ஆள் வைத்தோ பிடிக்கலாம். வேறு மாநிலத்துக்குள் துரத்திப் போகலாம். ஞாயிற்றுக்கிழமையிலும் கைது செய்யலாம். தேவைப்பட்டால் ‘அவனுடைய வீட்டை உடைத்து’ உள்ளே நுழையலாம். இதற்குப் புதிய உத்தரவு எதுவும் வேண்டியதில்லை, தப்பி ஓடிய கைதியை ஷெரிஃப் மறுபடி பிடிப்பது போலத்தான்.

நூற்றைம்பது வருடமாக அமெரிக்காவில் ஜாமீன் ஏஜென்ட்டுகள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியும் வாசகம் இதுதான். தீர்ப்புக்குத் தேவைப்படாத பேச்சு, நீதிபதி போகிற போக்கில் சொன்னது. சட்டம் படித்தவர்கள் அப்படிப்பட்ட வாசகத்துக்குக் கட்டுப்படுத்தும் வலு கிடையாது என்பார்கள். ஆனாலும் பிற்பாடு மாநில நீதிமன்றங்கள் பல இதையே ஆதாரமாக எடுத்துக்கொண்டன.

ஸ்வெய்ன் இதைச் சும்மா கற்பனை செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பழைய வழக்கத்தில் இது இருந்தது. 1704-ல் ஓர் ஆங்கிலேய நீதிமன்றம் சொன்னது: ஜாமீன்தாரர் தன் ஆளைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார், வேண்டும்போது கயிற்றை இழுக்கலாம். 1810-ல் நியூயார்க் நீதிமன்றம், அவன் வீட்டின் வெளிக்கதவையும் உடைக்கலாம் என்றது. 1822-ல் கனெக்டிகட் நீதிமன்றம் அதற்கு ஒரு முன் நிபந்தனையைச் சேர்த்தது: முதலில் வந்த காரணத்தைச் சொல்லித் திறக்கக் கேட்க வேண்டும் என்பது பொதுவிதி. ஸ்வெய்ன் எழுதிய பத்தியில் இந்தத் தட்டல், கேட்டல் எதுவும் இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து ஜாமீன்தாரர் ஊர்க்காரர், உறவுக்காரர், முதலாளி. கயிற்றின் இரண்டு முனையிலும் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். காசுக்கு ஜாமீன் விற்கும் முதல் கடை என்று வழக்கமாகச் சொல்லப்படுவது 1898 வாக்கில் சான் பிரான்சிஸ்கோவில் மெக்டனா சகோதரர்கள் நடத்தியது. அதாவது, இந்த வியாபாரம் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பே அதன் சாசனம் எழுதப்பட்டுவிட்டது, முகம் தெரிந்த மாமன் மச்சானை மனத்தில் வைத்து. மாமனுக்குத் தந்த சாவி கம்பெனிக்குக் கைமாறியது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

அந்தப் பத்தியை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அதில் ஒரு சொல் இருக்கிறது, பலரும் தாண்டிப் போய்விடும் சொல்: ‘அவனுடைய’. உடைக்கலாம் என்றது அவனுடைய வீட்டை. அவனுடைய அக்காவின் வீட்டையோ, நண்பனின் வீட்டையோ, ஆறு மாதத்துக்கு முன் அவன் காலி செய்துவிட்டுப் போன வாடகை வீட்டையோ இல்லை. ஜாமீன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் தன் வீட்டு வாசலை விட்டுக்கொடுக்கலாம். அடுத்த வீட்டுக்காரர் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே. இந்தத் துறையின் வரம்புகளில் நீதிமன்றங்கள் உறுதியாகப் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

நடைமுறையில் சிக்கல் வருவது நடுவில் இருக்கும் வீடுகளில். 1998-ல் வட கரோலினா உச்ச நீதிமன்றத்துக்கு அப்படி ஒன்று வந்தது. தேடப்பட்டவர் தன் தாயோடு வசித்தவர். ஏஜென்ட்டுகள் வந்தபோது வாசலில் நின்றது தாய், அவர் உள்ளே விட மறுத்தார். வீடு தாயுடையது, ஆனால் மகனும் அங்கேதான் குடியிருக்கிறான். நீதிமன்றம் குடியிருப்பையே பார்த்தது. அவன் வசிக்கும் வீடு என்றால், கூட வசிப்பவர் மறித்தாலும், நியாயமாகத் தேவைப்படும் அளவு பலத்தோடு நுழையலாம். அவன் வசிக்காத வேற்றார் வீடு என்றால் அவர்கள் சம்மதம் வேண்டும்.

இந்தத் தாயின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வந்தவர் போலீஸாக இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சமாவது பாதுகாப்பு இருந்திருக்கும். 1980-ல் பேட்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: அவசர நிலைமை இல்லாதபோது, ஒருவரைக் கைது செய்ய அவர் வீட்டுக்குள் போக போலீஸுக்கு வாரண்ட் வேண்டும். 1981-ல் ஸ்டீகால்ட் வழக்கில் இன்னும் ஒரு படி: தேடப்படுபவர் வேறொருவர் வீட்டில் இருப்பதாகச் சந்தேகம் என்றால், கைது வாரண்ட் கையில் இருந்தாலும் போதாது, அந்த வீட்டுக்கென்று தனியாகச் சோதனை வாரண்ட் வாங்க வேண்டும். இவையெல்லாம் அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் தருகிற காவல். ஆனால் அந்தத் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை. தனியாளை இல்லை.

அதனால் ஒரு தலைகீழ் நிலைமை. தொப்பியும் பயிற்சியும் மேலதிகாரியும் உள்ளவருக்குத் தாள் வேண்டும்; இணையக் கடையில் வாங்கிய குண்டு துளைக்காத சட்டையைப் போட்டுக்கொண்டு வருபவருக்கு அந்தத் தாள் வேண்டாம். 2009-ல் பத்தாவது சுற்று (சர்க்யூட், அதாவது சில மாநிலங்கள் சேர்ந்த வட்டாரம்) மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு ஒக்லஹோமா வழக்கு. பவுண்டி ஹன்டர்கள் ஒரு வீட்டுக்குள் போய், போதைப்பொருளைப் பார்த்து, அதன் பிறகு போலீஸைக் கூப்பிட்டார்கள். இவர்கள் தங்கள் காசுக்காக வந்த தனியாட்கள், எனவே நான்காவது திருத்தம் இவர்களுக்குப் பொருந்தாது, கண்டெடுத்ததை வழக்கில் சாட்சியமாக வைக்கலாம் என்று முடிந்தது.

ஆனால் போலீஸைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தால் கதை மாறும். 1987-ல் நான்காவது சுற்று நீதிமன்றம் விசாரித்த மேரிலாந்து வழக்கில், ஜாமீன் ஏஜென்ட் ஒரு போலீஸ்காரரோடு போய் ஒரு பெண்ணின் வீட்டில் அவர் மகனைத் தேடினார். போலீஸ்காரர் அந்த அம்மாவைத் தடுத்து வைத்துக்கொள்ள, ஏஜென்ட் உள்ளே போய்த் துழாவினார். இரண்டு பேரும் சேர்ந்து செய்ததால் ஏஜென்ட்டும் அரசின் கையாகிவிட்டார், அவர் மேல் குடிமை உரிமை மீறல் வழக்குப் போடலாம் என்றது நீதிமன்றம். வேறு சில மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், தனியாக வரும் ஏஜென்ட்டை அரசின் கை என்று சொல்ல மறுத்திருக்கின்றன. ஆகவே ஏஜென்ட்டின் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்து வீட்டுக்காரரின் உரிமை கூடும், குறையும்.

நான்காவது திருத்தம் இல்லை என்பதால் சட்டமே இல்லை என்று ஆகிவிடாது, இதை ஏஜென்ட்டுகள் பலர் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். தவறான வீட்டுக்குள் புகுந்த தனியாள் சாதாரணக் குடிமகன். அத்துமீறல், வீடு புகுதல், தாக்குதல், சட்டவிரோதமாக அடைத்து வைத்தல் என்று மாநிலக் குற்றவியல் சட்டம் முழுவதும் அவருக்குக் காத்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு தவறு செய்த போலீஸ் அதிகாரிக்கு நீதிமன்றம் தரும் சலுகைப் பாதுகாப்பு இவருக்குக் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு இருக்க முடியாது. அப்புறம், உள்ளே இருப்பவரிடமும் துப்பாக்கி இருக்கலாம். வீடு புகுபவரைச் சுட்டால் அதைத் தற்காப்பு என்று ஏற்கும் சட்டம் அங்கே நிறைய மாநிலங்களில் உண்டு. இருட்டில் வந்தவர் யார் என்று வீட்டுக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அந்தக் கேள்விக்கு அரிசோனாவில் கோரமான பதில் ஒன்று கிடைத்தது. 1997 ஆகஸ்ட் 31 அன்று ஃபீனிக்ஸில் முகமூடியும் பாதுகாப்பு அங்கியும் அணிந்த ஒரு கும்பல் ஒரு வீட்டுக் கதவை உடைத்துப் புகுந்தது. துப்பாக்கிச் சூட்டில் இளம் ஜோடி ஒன்று இறந்தது. பிடிபட்டவர்கள், கலிஃபோர்னியாவில் ஜாமீனை ஏய்த்த ஒருவரைத் தேடி வந்த பவுண்டி ஹன்டர்கள் நாங்கள் என்றார்கள். விசாரித்துப் பார்த்தால், கொள்ளையடிக்க வந்ததை மறைக்கச் சொன்ன கதை அது. ஆனால் முதல் சில நாள்கள் நாடே அதை நம்பியது. நம்பும்படியாக இருந்தது என்பதே சட்டத்தின் மேல் ஒரு குற்றச்சாட்டு.

அதன் பிறகு அரிசோனா எழுதிக்கொண்ட விதி தெளிவானது: ஆள் இருக்கும் குடியிருப்புக்குள், அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்களின் சம்மதம் இல்லாமல், ஜாமீன் மீட்பு ஏஜென்ட் (பவுண்டி ஹன்டருக்குச் சட்டம் வைத்த பெயர்) நுழையக் கூடாது. ஒப்பந்தத்தில் முன்பு எப்போதோ வாங்கிய சம்மதத்தைக் காட்டிப் பயனில்லை. ‘அந்த நேரத்தில்’ என்று சட்டமே சொல்கிறது. போலீஸ் தலைவரின் வீட்டில் 2015-ல் வந்தவர்கள் வாசலிலேயே நின்று கத்தியதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

டெக்சாஸை நினைத்தால் துப்பாக்கியும் குதிரையும் நினைவுக்கு வரும். சட்டமோ அங்கே ஆச்சரியப்படும் அளவு இறுக்கம். ஜாமீன்தாரர் முதலில் நீதிமன்றத்தில் உறுதிமொழி தாக்கல் செய்து கைது உத்தரவு வாங்க வேண்டும். அதை நிறைவேற்றப் போகிறவர் போலீஸாகவோ, உரிமம் பெற்ற தனியார் துப்பறிவாளராகவோ, அதற்கான அனுமதி பெற்ற தனியார் பாதுகாப்புக் காவலராகவோ இருக்க வேண்டும். துப்பறிவாளர் வீட்டில் இருப்பவர்களின் சம்மதம் இல்லாமல் உள்ளே நுழையக் கூடாது, அரசாங்க ஆள் போலத் தோற்றம் தரும் சீருடையோ பேட்ஜோ அணியக் கூடாது.

கலிஃபோர்னியா நடுவழியில் நிற்கிறது. பிடிக்கப் போவதற்கு முந்தைய ஆறு மணி நேரத்துக்குள் உள்ளூர்ப் போலீஸுக்குச் சொல்லிவிட வேண்டும். போலீஸ் மாதிரி பேட்ஜ் கூடாது. கதவை உடைப்பதானால், கைது செய்யப் போகும் எந்தக் குடிமகனுக்கும் பொருந்தும் பொது விதியின்படிதான்: குற்றம் பெரிய வகையாக இருக்க வேண்டும், ஆள் உள்ளே இருக்கிறான் என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும், உடைப்பதற்கு முன் திறக்கச் சொல்லி, வந்த நோக்கத்தையும் சொல்ல வேண்டும். 1822-ல் கனெக்டிகட் சொன்ன அதே தட்டல், கேட்டல் சுற்றிச் சுற்றி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. இந்தச் சட்டம் 2000-த்தில் அமலுக்கு வந்து, 2010-ல் காலாவதியாகி, 2013-ல் மறுபடி உயிர் பெற்றது. நடுவில் போன அந்தச் சில வருடம் கலிஃபோர்னியாவில் பழைய ஸ்வெய்ன் பத்திக்கு யோக காலம்.

வாஷிங்டன் மாநிலம் ‘திட்டமிட்ட கதவுடைப்பு’ என்று சட்டத்திலேயே ஒரு பெயர் வைத்திருக்கிறது. அதற்குப் போகுமுன் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும், யார் என்று அடையாளம் தெரியும் உடை அணிய வேண்டும். ஃபுளோரிடாவில் பவுண்டி ஹன்டர் என்று சொல்லிக்கொள்வதே கூடாது, உரிமம் உள்ள ஏஜென்ட் மட்டும்தான் பிடிக்கலாம். கென்டக்கி, இல்லினாய், ஓரிகன், விஸ்கான்சின் ஆகிய நான்கும் இந்த வியாபாரத்தையே ஒழித்துவிட்டன. பக்கத்து மாநில ஏஜென்ட் அங்கே வந்து ‘உச்ச நீதிமன்றம் 1872-லேயே சொல்லிவிட்டது’ என்றால் எடுபடாது. மாநில எல்லையைத் தாண்டிய நிமிடத்திலிருந்து அவர் நிற்பது வேறு சட்டத்தின் மேல். தனிச்சட்டம் எதுவும் எழுதாமல் பழைய வழக்கத்தையே நம்பி ஓட்டும் மாநிலங்களும் இருக்கின்றன. நாடு முழுவதற்குமான ஒரே சட்டம் இன்றுவரை இல்லை.

நாட்டு எல்லையைத் தாண்டினால் விவாதமே கிடையாது. ஜாமீன்தாரரின் கை அமெரிக்க மண்ணோடு முடிகிறது என்று 1869-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 1981-ல் ஃபுளோரிடா வழக்கு ஒன்றில் ஆள் தேடி டொரன்டோ போன இரண்டு பேர் அவரைத் தூக்கி வந்தார்கள். கனடா அதை ஆள் கடத்தல் என்று பார்த்தது, அமெரிக்க நீதிமன்றமும் அவர்களைக் கனடாவிடம் ஒப்படைக்க வழிவிட்டது. தொலைக்காட்சிப் புகழ் டுவேன் சாப்மன் 2003-ல் மெக்சிகோவில் ஒரு பெரிய குற்றவாளியைப் பிடித்துவிட்டு, தானே அந்த நாட்டுச் சிறைக்குள் போனார். அங்கே பவுண்டி வேட்டையே குற்றம்.

சட்டங்கள் இப்படி ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டு வர, தொழில் வேறு வழியைப் பிடித்துக்கொண்டது: ஒப்பந்தப் படிவம். என்னைக் கேட்டால் இன்றைக்கு ஸ்வெய்ன் பத்தியைவிட ஆபத்தானது இந்தத் தாள்தான். ஜெயிலுக்கு எதிர்க் கடையில், நள்ளிரவு தாண்டி, மகனை வெளியே எடுக்க வந்த ஓர் அம்மாவிடம் கொடுக்கப்படும் தாள். மேலே மகனின் விவரம்: முகவரி, வேலை செய்யும் இடம், கார் நம்பர், உடம்பில் பச்சை குத்திய அடையாளம், நண்பர்கள் யார், காதலி எங்கே இருக்கிறாள். கீழே கையெழுத்துப் போடும் அம்மாவின் விவரம், அவர் வீட்டு முகவரி, அடமானம் எவ்வளவு பாக்கி. அதற்கும் கீழே, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், ஏஜென்ட்டோ அவர் அனுப்பும் ஆளோ எந்த நேரத்திலும் வீட்டுக்குள் வந்து தேடலாம், அதற்காக வழக்குப் போட மாட்டேன் என்ற மாதிரி ஒரு வரி. மகன் ஜெயிலில் இருக்கிறான், பேனா கையில் இருக்கிறது. யார் படித்துப் பார்ப்பார்கள்?

சம்மதம் என்பது வேற்றார் வீட்டைக் காக்கும் அரண் என்று முன்னால் பார்த்தோம். இந்த ஒரு வரியில் அந்த அரண் விலைபோய்விடுகிறது. அம்மா இனி ‘வேற்றார்’ இல்லை, ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு. சம்மதம் நுழையும் நேரத்தில் இருக்க வேண்டும் என்று அரிசோனா எழுதியதன் அருமை இங்கேதான் புரிகிறது.

2017 ஏப்ரலில் மொன்டானா மாநிலத்தின் லோலோ என்ற சிற்றூரில் நடந்ததைப் பாருங்கள். வண்டி ஓட்டியது தொடர்பான சில்லறைக் குற்றங்கள், ஜாமீன் 1,670 டாலர். வாய்தா தவறியது. ஆயுதம் ஏந்திய பவுண்டி ஹன்டர்கள் வீட்டுக் கதவை உடைத்து நேராகப் படுக்கையறைக்குப் போனார்கள். கட்டிலில் கணவன், மனைவி, அவர்களோடு நான்கு வயது மகள். இவ்வளவு சிறிய தொகைக்கு, குழந்தை படுத்திருக்கும் கட்டிலுக்கு முன்னால் துப்பாக்கி. குடிமை உரிமை அமைப்பு ஒன்றின் துணையோடு அந்தக் குடும்பம் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனது. நுழைந்தவர்கள் மட்டுமில்லை, ஜாமீன் எழுதிய கம்பெனியும் அதன் பின்னால் நின்ற இன்சூரன்ஸ்காரரும் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். அதற்கு அவர்கள் எடுத்த ஆயுதம், மாஃபியா கும்பல்களை ஒடுக்க 1970-ல் வந்த சட்டம். தள்ளுபடி செய்யுங்கள் என்ற எதிர்த்தரப்புக் கோரிக்கையை 2019-ல் நீதிபதி ஏற்கவில்லை.

கதவை உடைத்தவர் கூலியாள். அவரிடம் நஷ்டஈடு கேட்டால் என்ன கிடைக்கும்? பணம் இருப்பது மேலே, ஜாமீனுக்குக் காப்பீடு எழுதிய இடத்தில். கதவு உடைந்த செலவு அங்கே போய்ச் சேரும் என்ற பயம் வந்தால், பயிற்சியில்லாத ஆளை அனுப்ப ஏஜென்ட்டும் ஒரு தடவை யோசிப்பார்.

அமெரிக்காவில் வாடகைக்குக் குடியேறுகிற நம்மவர்களுக்கும் இதில் கொஞ்சம் சம்பந்தம் உண்டு. ஜாமீன் படிவத்தில் இருப்பது ஆள் கைதானபோது சொன்ன முகவரி. அவர் காலி செய்துவிட்டுப் போயிருப்பார், அந்த வீட்டில் இப்போது நீங்கள் இருப்பீர்கள். இரவில் தட்டிக்கொண்டு வருபவரிடம் கதவைத் திறக்காமல், உள்ளே இருந்தே யார், எந்தக் கம்பெனி, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்கலாம். ஜாமீன் பத்திரத்தின் நகலை ஜன்னல் வழியாகக் காட்டச் சொல்லலாம். அவசர உதவி எண்ணான 911-க்குப் போன் செய்து, வாசலில் நிற்பவர்கள் போலீஸ்தானா என்று விசாரிக்கலாம். கையில் எதையும் எடுத்துக்கொண்டு வெளியே போகாமல் இருப்பது நல்லது. ‘ஒரு நிமிஷம் உள்ளே பார்த்துவிட்டுப் போகிறோம், அவ்வளவுதான்’ என்று பணிவாகக் கேட்பார்கள், முரடாகக் கேட்பவர்களைவிடப் பணிவாகக் கேட்பவர்கள்தான் அதிகம். சரி என்று தலையாட்டினால் அது சம்மதம். பத்திரத்தில் இருப்பது முன்பு குடியிருந்தவரின் பெயர் என்றால், ‘அவர் இங்கே இல்லை, உள்ளே வர வேண்டாம்’ என்று கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொல்லிவிடலாம்.